ஸ்டெல்லா எழுதிய மூன்று விநாடி

பேராசிரியர் பத்மநாபனிடம் "சுமாராக" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆட்டோக்காரர் "பத்து நிமிஷம் சார்" என்றால், "அதிகபட்சம் எவ்வளவு?" என்று கேட்பார். கல்யாண வீட்டில் பந்தி இதோ ஆரம்பிக்கிறது என்றால், "இதோ என்றால் அதிகபட்சம்?" என்பார். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அவருக்கு இட்லி மாவு விற்கிற அம்மாள், மாவு எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்ட அன்றிலிருந்து, அவர் தலை தெரிந்தால் கடைக்குள் போய்விடுவாள். சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்கு அவர் மனைவியை மட்டும் கூப்பிட வழி உண்டா என்று பார்த்தார்கள்.

இந்தக் குணத்தைத்தான் அவர் ஆராய்ச்சி என்று பெயர் வைத்துப் பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார். ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, அதன் வரிகளை மட்டும் படித்து, அது எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு மெமரி தின்னும் என்பதற்கு மேல்வரம்பு ஒன்றைச் சொல்லிவிடலாம். எந்த உள்ளீடு வந்தாலும் அதைத் தாண்டாது என்று நிரூபித்தும் காட்டலாம். இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்தது இதுதான். நல்ல வேலைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தவர்தான் கொஞ்சம் தாங்க முடியாதவர்.

"ஓட்டிப் பார்த்தோம் சார், நல்லா ஓடுது" என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், அவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். "நூறு தடவை ரோட்டைக் கடந்தேன், லாரி வரவில்லை. ஆகவே இந்த ரோட்டில் லாரியே கிடையாது" என்று வகுப்பில் அவர்களைப் போல நடித்துக் காட்டுவார். சராசரி என்ற சொல்லை அவர் கெட்ட வார்த்தை போலத்தான் உச்சரிப்பார். இருக்கிற கம்ப்யூட்டர் மொழிகள் எல்லாம் குப்பை என்று சொல்லித் தானே ஒரு மொழியும் செய்து வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு வேலையின் நெற்றியிலும் அதன் செலவை எழுதியாக வேண்டும். வரம்பு தெரியாத புரோகிராமை அந்த மொழி ஏற்கவே ஏற்காது. பதினோரு வருஷத்தில் அதில் எழுதியவர்கள் அவருடைய மாணவர்கள் மட்டும்தான், அவர்களும் பட்டம் வாங்குகிற வரைக்கும்தான்.

அப்படிப்பட்டவரைத் தேடி ஜீடிமெட்லாவிலிருந்து விஸ்வநாத் என்ற முதலாளி வந்தார். அவருடைய ஷெட்டில் ஒரு பெட்டி செய்தார்கள். மருந்துக் கம்பெனிகளில் ரசாயனங்களை வேகவைக்கிற பெரிய எஃகு அண்டாக்களுக்குக் காவல் இருக்கிற பெட்டி. அண்டாவின் சூடு கோட்டைத் தாண்டினால் இரண்டு விநாடிக்குள் குளிர்நீர் வால்வைத் திறந்துவிட வேண்டும். தாமதமானால் என்ன ஆகும் என்று, மருந்துக் கம்பெனி அண்டாக்கள் வெடித்துப் பார்த்த பட்டான்செருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே ஒரு கம்பெனி நாற்பது பெட்டி கேட்டிருந்தது, கூடவே கணித நிரூபணமும் கேட்டிருந்தது. விஸ்வநாத்துக்குக் கணிதம் வேண்டாம், கணிதத்தின் சீல் இருந்தால் போதும். பத்மநாபனுக்கோ தன் மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று வெளியுலகத்தில் ஓடினால் போதும். இருவரும் அந்த நிமிஷமே ஒத்துப்போனார்கள்.

விஸ்வநாத்திடம் இருந்த இரண்டு புரோகிராமர்களும் ஐந்து மாதம் உட்கார்ந்து பழைய புரோகிராமை அவருடைய மொழியில் மாற்றி எழுதினார்கள். அந்த ஐந்து மாதமும் அவர்கள் அவரைத் தெலுங்கில் திட்டிய திட்டுக்கு மட்டும் மேல்வரம்பு இல்லை. கடைசியில் அவருடைய கருவி புரோகிராமைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: எந்த நிலையிலும் ஒன்று புள்ளி நான்கு விநாடியைத் தாண்டாது. பத்மநாபன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். விஸ்வநாத் அதைக் கண்ணாடி போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், ஸ்டெல்லா இல்லாவிட்டால்.

ஸ்டெல்லா அந்த ஷெட்டின் சோதனை மேஜைக்குப் பொறுப்பாளர். ஐம்பது வயது இருக்கும். அப்பாவும் தாத்தாவும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், குடும்பம் காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு இருபத்து நாலு வருஷமாக இந்த ஒரே மேஜை. மேஜையின் மேல் மின்னடுப்பு, அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டி, சட்டிக்குள் பெட்டியின் சூடறியும் கம்பி, பக்கத்தில் நிஜமான வால்வு ஒன்று, நேரத்தைக் குறிக்கிற மெஷின் ஒன்று. எண்ணெயைக் கொதிக்கவிடுவதும் வால்வு எத்தனை விநாடியில் திறக்கிறது என்று நீளமான நோட்டில் நீல மையில் எழுதுவதும் அவர் வேலை. எந்தப் பெட்டியும் பதினைந்து நாள் அந்த மேஜையில் கிடந்த பிறகுதான் வெளியே போகும். ஒன்பதாம் நாள் அவர் எழுதினார்: மூன்று புள்ளி ஒன்று விநாடி.

ஒரே ஒரு தடவைதான். முன்னும் பின்னும் எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. மற்றவர்களாக இருந்தால் கை தவறியது என்று விட்டிருப்பார்கள். ஸ்டெல்லா எழுதியதோடு நிற்காமல், முதலாளியிடம் போய், பெட்டி மூன்று விநாடி எடுத்தது என்று தெலுங்கில் தெளிவாகச் சொல்லியும்விட்டார். விஸ்வநாத் அன்றைக்கே பத்மநாபனுக்குப் போன் செய்தார்.

பத்மநாபன் திங்கட்கிழமை வந்தார். நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. எந்த உள்ளீட்டுக்கும் ஒன்று புள்ளி நான்கைத் தாண்டாது என்று நிரூபித்தாகிவிட்டது, ஆகவே மூன்று புள்ளி ஒன்று என்பது நடக்கவில்லை, நடந்ததாக யாருக்கோ தோன்றியிருக்கிறது என்றார். கம்பி ஆடியிருக்கும் என்றார். கம்பியை மூன்று தடவை பார்த்துவிட்டதாக ஸ்டெல்லா சொன்னார். எங்கே படித்தீர்கள் என்று பத்மநாபன் கேட்டார். ஸ்டெல்லா பாலிடெக்னிக்கின் பெயரைச் சொன்னார். "ம்" என்றார் பத்மநாபன். அந்த ஒரு எழுத்துக்குள் ஒரு மனிதரின் இருபத்து நாலு வருஷத்தைப் போட்டு மூட முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் வேறு எதுவும் சொல்லவில்லை.

விஸ்வநாத்தின் கவலை வேறு. வெள்ளிக்கிழமை பட்டான்செருவிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள், நோட்டைப் பார்ப்பார்கள். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது, கிழிக்க முடியாது. ஆகவே அந்த அளவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஸ்டெல்லாவே ஒரு கடிதம் தர வேண்டும். இங்கிலீஷில் வாசகம் நன்றாக அமைய வேண்டுமே என்று விஸ்வநாத் தயங்க, பத்மநாபன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். "எனது பயிற்சிக் குறைவாலும் கவனக்குறைவாலும் தவறான அளவைப் பதிவுசெய்துவிட்டேன். அதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்" என்பது அதன் சாரம். முழுமையாக என்ற சொல்லை அவரே யோசித்துச் சேர்த்தார். சேர்த்ததும் அவருக்குத் திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாவிட்டால் சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று விஸ்வநாத் ஸ்டெல்லாவிடம் சொன்னார். பத்மநாபன் பக்கத்தில்தான் நின்றார். காதில் விழுந்தது. டீ ஆறிவிடுமே என்று குடித்தார்.

அவர் காரில் ஏறப் போகும்போது ஸ்டெல்லா பின்னாலேயே வந்தார். "சார், புதன்கிழமை ஒரு தடவ வந்து பாருங்க. முதலாளி வேணாம், நீங்க மட்டும். கம்பி ஆடுதுன்னு நீங்களே காட்டிட்டா நான் மறுபேச்சு பேசாம கையெழுத்து போட்டுடறேன்" என்றார். பத்மநாபனுக்கு இந்த மாதிரி அழைப்பு பிடிக்கும். ஒரு ஆளை அவருடைய மேஜையிலேயே வைத்துத் திருத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. வருகிறேன் என்றார்.

புதன்கிழமை காலையில் அவரைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு ஸ்டெல்லா விளக்கினார். பெட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டின் அளவைத் தனக்குள் ஒரு சிறிய சேமிப்பில் எழுதிக்கொள்கிறது. ஒன்பது நாளில் அந்தச் சேமிப்பு நிரம்புகிறது. அதனால் எழுதும் வேகத்தை விநாடிக்கு ஒன்றாக மாற்றிவிட்டார், ஒன்பது நாள் முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. கடைசி இடமும் நிரம்பியதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எண்ணெயைக் கொதிக்க வைப்பாராம். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பத்மநாபன் கேட்டார். யாரும் சொல்லவில்லை, ஒன்பது நாளில் என்னென்ன மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தேன் என்றார் ஸ்டெல்லா.

சேமிப்பு நிரம்புவதற்காக முக்கால் மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் கொதித்தது. கோட்டைத் தாண்டியது. வால்வு சும்மா இருந்தது. பத்மநாபனுக்கு அந்த நேரம் மிக நீளமாகத் தெரிந்தது. பிறகு வால்வு திறந்தது. மெஷின் மூன்று புள்ளி ஒன்று என்றது.

கம்பியை நானே பிடித்துக்கொள்கிறேன், மறுபடி செய்யுங்கள் என்றார் பத்மநாபன். இன்னொரு முக்கால் மணி நேரம். இந்தத் தடவை கம்பி அவர் கையிலேயே இருந்தது, அவர் கையும் ஆடவில்லை. மூன்று புள்ளி ஒன்று.

அவர் லாப்டாப்பைத் திறந்தார். சேமிப்பில் எழுதுகிற வேலைக்கான புரோகிராமை, பெட்டிக்குள் இருக்கிற சில்லைச் செய்த கம்பெனியே எழுதித் தந்திருந்தது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கருவியால் பார்க்க முடியாது. அந்த மாதிரி வேலைகளுக்கான செலவை மனிதர்தான் கையால் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தவர் அவரேதான். தான் எழுதிய எண்ணைத் தேடி எடுத்தார். சேமிப்பு நிரம்பினால் அதை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுத முடியும். அழிப்பதற்கு ஒன்று புள்ளி ஏழு விநாடி ஆகும். பெட்டியோ அரசாங்க குமாஸ்தாவைப் போல, ஆபத்து வந்தால் அதை முதலில் குறித்துக்கொண்டுதான் வால்வைத் திறக்கும். இந்த ஒன்று புள்ளி ஏழு அவருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் தடவை எழுதினால் ஒரு தடவைதான் அழிக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பெரிய செலவை எல்லாத் தடவைகளின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து வைத்திருந்தார். அது அவருடைய செல்லமான உத்தி. அதைப் பற்றி மட்டும் பதினோரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தக் கணக்கு சரிதான் என்று ஆரம்பித்தார். வீட்டில் தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கிறோம் இல்லையா, பண்டிகையன்று பெரிய பானை வைத்தாலும் அரிசி குறையாது, அதுபோலத்தான் இது, வருஷம் முழுவதும் பார்த்தால் எந்த நாளும் வரம்பைத் தாண்டாது என்றார். வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

ஸ்டெல்லா தலையாட்டவில்லை.

"அரிசிய பிடி பிடியா சேத்து வெக்கலாம் சார். ரெண்டு செகண்ட அப்பிடி சேத்து வெக்க முடியுமா? அண்டா பொங்குற அன்னிக்கு எடுத்து ஊத்தறதுக்கு?"

பத்மநாபன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் சராசரிக்காரர்களை நடித்துக் காட்டிய மனிதர், அதே சராசரிக்குக் கௌரவமான பெயர் ஒன்றைச் சூட்டித் தன் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தார். வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கணக்குத் தெரியாதவன் அழிக்கிற நேரத்தை அப்படியே கூட்டியிருப்பான், அது சரியாகவும் இருந்திருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, எண்ணெய்ச் சட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் மேல் கோபம் அதிகமாக இருந்தது.

"யோசிக்கணும்" என்றார்.

"ஹவ் சார், ஆமா, யோசிங்க. எனக்கு வெள்ளிக்கிழமதான் கெடு" என்றார் ஸ்டெல்லா.

யோசித்தார். பத்மநாபன் பொய் சொல்கிறவர் அல்ல, அதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தார். எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வியாழக்கிழமை முழுவதும் போயிற்று. வெள்ளிக்கிழமை உரைக்கு வைத்திருந்த படங்களின் நடுவே, பதினேழாவதாக ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். ஐந்து தடவை திருத்தினார். ஆறாவது தடவை படித்தபோது அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒரு சொல்லும் யாருக்கும் புரியாது.

வெள்ளிக்கிழமை பட்டான்செருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முந்திரிப் பருப்பும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். சான்றிதழ் அன்று சுவரிலிருந்து இறங்கி மேஜைக்கு வந்திருந்தது. ஸ்டெல்லா நோட்டோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் டைப் அடித்த கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. பத்மநாபன் பேசினார். பதினேழாவது படம் வந்ததும் குரலை மாற்றாமல், இந்த வரம்பு பகிர்ந்தேற்றிய பொருளில் செல்லுபடியாகும் என்றும், சேமிப்பின் கட்டமும் எச்சரிக்கையின் கட்டமும் பாதகமாகப் பொருந்தும் ஒரு தனி நேர்வில் கணநேரச் செலவுக்கு மாறாத கூட்டல் உறுப்பு ஒன்று சேரும் என்றும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பதினெட்டாவதுக்குப் போய்விட்டார். வந்தவர்களில் மூத்தவர் மரியாதையாகத் தலையசைத்தார். உரை முடிந்ததும் மூன்று பேரும் கை தட்டினார்கள். விஸ்வநாத் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பத்மநாபனுக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது. சொல்லியாகிவிட்டது. புரிந்துகொள்ளாதது அவர்கள் பிழை. முந்திரித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

விஸ்வநாத் எழுந்து போய்ப் பேனாவை எடுத்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். நோட்டில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, அந்த அம்மாளே அதைத் திருத்திக் கொடுக்கிறார் என்று வந்தவர்களிடம் சொன்னார். ஸ்டெல்லா பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. எழுந்து நின்று பத்மநாபனைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"சார், பதினேழாவது படத்துல நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. இவங்களுக்குப் புரியல. புரியக்கூடாதுன்னு அப்பிடி சொன்னீங்களா, இல்ல உங்களுக்கு வர்ற பாஷையே அவ்வளவுதானா?"

வந்தவர்கள் மூவருக்கும் தமிழ் தெரியாது. விஸ்வநாத்துக்கும் அரைகுறைதான். அந்த அறையில் அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்தவர் பத்மநாபன் ஒருவர்தான், நினைத்திருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். சிரிக்கவும் முயன்றார். ஸ்டெல்லா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இதற்குமேல் எவ்வளவு கீழே போவார் என்று அளந்து எழுதிக்கொள்கிற பார்வை அது.

பத்மநாபன் தெலுங்கில் சொன்னார். பெட்டி சில சமயம் மூன்று விநாடி எடுக்கும். என் கணக்கு தப்பு. இந்தம்மா எழுதியதுதான் சரி. மூன்றே வாக்கியம். அவர் வாழ்க்கையில் இவ்வளவு எளிமையாக எதையும் விளக்கியதில்லை.

மூத்தவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சான்றிதழைத் தள்ளிவைத்து, நோட்டைக் கேட்டு வாங்கினார். விஸ்வநாத்துக்கு முகம் கறுத்துவிட்டது. பேராசிரியரைக் கோபிக்க முடியாது, வந்தவர்களைக் கோபிக்கவே முடியாது. அதனால் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, இதை இப்படிப் புரிகிற மாதிரி முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். எட்டு நாளாக இதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் ஸ்டெல்லா. குரல் உயரவில்லை.

பிறகு ஸ்டெல்லா உட்கார்ந்தார். கடிதத்தின் அடியில் டைப் அடித்திருந்த தன் பெயரின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டார். பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்து, மேஜை நெடுக நகர்த்தி, பத்மநாபனின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பேர மட்டும் மாத்திக்கோங்க சார். மத்ததெல்லாம் நீங்க சொன்ன வாசகம்தான். சரியாத்தான் இருக்கு."

பத்மநாபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கவனக்குறைவாலும் என்பதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. பயிற்சிக் குறைவாலும் என்ற இடத்தில் பேனா முனை வந்து நின்றது. அதை அடித்துவிடலாமா என்று ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் வந்தவர்களுக்கு நோட்டில் ஒன்பதாம் நாள் பக்கத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. அடிக்காமலே விட்டார். முழுமையாக என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிட்டு, கோடு போட்ட பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.